சக்கை, பிசின், கிழங்கு: கிரேக்கத்தில் பத்து நாள்

அக்டோபர் 26, தெசலோனிகி

கிளம்புவதற்கு முன் மனைவி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "நீங்க எதை வேணா குடிச்சுப் பாருங்க. ஆனா ஒவ்வொரு ஊர்லயும் எனக்கும் ஒரு டம்ளர் வரணும். அதுல போதை இருக்கக் கூடாது." சரி என்று ஒப்புக்கொண்டேன். கிரேக்கத்தில் ஊருக்கு ஊர் குடிப்பது என்ன, அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவதுதான் பயணத்தின் நோக்கம். அக்டோபர் கடைசியைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான். திராட்சை அறுவடை முடிந்து, பிழிந்த சக்கையைக் காய்ச்சும் காலம் இது.

வந்து இறங்கிய நாள் ஊரின் காவல் புனிதர் டிமிட்ரியோஸின் திருநாள். 1912-ல் நகரம் ஒட்டோமான்களிடமிருந்து கிரேக்கத்தின் கைக்கு வந்ததையும் இன்றே கொண்டாடுகிறார்கள். ஆகவே கடையெல்லாம் மூடியிருந்தது. தெருமுனையில் பித்தளைப் பாத்திரத்தோடு ஒரு பெரியவர் மட்டும் நின்றிருந்தார். அவர் விற்றது சலேபி. முதல் டம்ளர் அவளுக்கே போனது.

சலேபி என்பது காட்டு ஆர்கிட் செடியின் கிழங்கை வேகவைத்து, உலர்த்தி, அரைத்த மாவு. தண்ணீரில் சர்க்கரையோடு கரைத்து, கட்டி தட்டாமல் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். கஞ்சிப் பதத்துக்கு வந்ததும் இறக்கி, மேலே சுக்குப் பொடியும் பட்டைப் பொடியும் தூவித் தருவார்கள். ஒரு மடக்கு குடித்துவிட்டு, "கூழ் மாதிரி இருக்குங்க, ஆனா வழுவழுன்னு" என்றாள். அந்த வழுவழுப்புதான் ஆர்கிட் கிழங்கின் அடையாளம். ஒரு கிலோ மாவுக்கு ஆயிரத்துக்கும் மேல் கிழங்குகள் தேவை. காட்டு ஆர்கிட்டுகள் பாதுகாக்கப்பட்டவை என்பதால் இன்று தெருவில் கிடைப்பதில் பெரும்பாலும் வேறு மாவுதான் கலந்திருக்கும். நாங்கள் குடித்தது எது என்று பெரியவரிடம் கேட்கவில்லை. திருநாளன்று அப்படிக் கேட்பது மரியாதையாக இருக்காது.

மாலையில் கடற்கரைக் காபிக் கடையில் ஃப்ராப்பே. அதன் பிறந்த ஊரும் இதுதான். 1957-ல் இங்கு நடந்த சர்வதேசக் கண்காட்சியில் நெஸ்லே சார்பில் வந்திருந்த டிமிட்ரிஸ் வாகொண்டியோஸுக்குக் காபி குடிக்க வெந்நீர் கிடைக்கவில்லை. இன்ஸ்டன்ட் காபித் தூளைக் குளிர்ந்த நீரில் போட்டுக் குலுக்கினார், நுரை பொங்கியது. அவ்வளவுதான் கதை. குடிக்கவும் அவ்வளவுதான் இருந்தது.

அக்டோபர் 27, வோலோஸ்

பேருந்தில் மூன்று மணி நேரம். பெலியோன் மலையடிவாரத்துத் துறைமுக ஊர். இங்கே வந்தது சிப்பூரோ என்ற திராட்சைச் சக்கைச் சாராயம் குடிக்க, அதுவும் பகல் பன்னிரண்டுக்கு மேல்.

ஒரு சிப்புராடிகோவில் (சிப்பூரோ கடைக்கு இங்கே அதுதான் பெயர்) உட்கார்ந்ததும் மெனு கேட்டேன். பரிமாறுபவர் சிரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மே? ஹோரிஸ்?" போட்டதா, போடாததா என்று அர்த்தம். சோம்பைத்தான் கேட்கிறார். போட்டது என்றேன். சின்ன பாட்டில் ஒன்று வந்தது. அதோடு நான் கேட்காமலேயே ஒரு தட்டில் பொரித்த சின்ன மீன்களும், ஊறுகாயாகப் போட்ட ஏதோ ஒரு கொழுந்தும் வந்தன. அந்தக் கொழுந்தின் பெயர் சிட்சிராவ்லா. பெலியோனில் வளரும் காட்டு பிஸ்தா மரத்தின் தளிர். பிசின் வாடையும் புளிப்பும் கலந்து, வாயில் வெகுநேரம் நின்றது.

இங்கே யாரும் உணவைத் தனியாகச் சொல்வதில்லை. பாட்டில் சொன்னால் தட்டு தானாக வரும். இரண்டாவது பாட்டிலுக்கு வேறு தட்டு, மூன்றாவதுக்கு இன்னொன்று. ஒரு முறை வந்தது மறுபடி வராது. சுற்று ஏற ஏறத் தட்டும் ஏறும்: மீன், பிறகு மட்டி, பிறகு சுட்ட ஆக்டோபஸ். அந்த ஆக்டோபஸுக்காகத்தான் நான்காவதைச் சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1922-ல் ஆசியா மைனரிலிருந்து அகதிகளாக வந்து இங்கே குடியேறியவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் வளர்த்த பழக்கம் இது. உழைத்து வந்தவன் வெறும் வயிற்றில் குடிக்கக் கூடாது என்பதுதான் இதன் கணக்கு என்று எனக்குப் படுகிறது. தட்டில் பாதிக்கு மேல் மனைவி சாப்பிட்டாள். அவளுடைய டம்ளரில் விசினாடா: புளிப்புச் செர்ரியைச் சர்க்கரையோடு காய்ச்சி எடுத்த பாகில் இரண்டு கரண்டி, மீதி ஐஸ் தண்ணீர்.

சோம்பு போட்ட சிப்பூரோவில் தண்ணீர் ஊற்றினால் பாலாக வெளுக்கும். ஊஸோவுக்கும் அதே கதை. சோம்பின் எண்ணெயான அனெத்தோல் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீர் கூடியதும் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் பிரிந்து நிற்கிறது, அதுதான் வெள்ளை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஊஸோ பெரும்பாலும் நடுநிலையான சாராயத்தில் சோம்பையும் மற்ற வாசனைச் சரக்குகளையும் போட்டு வடிப்பது. சிப்பூரோ திராட்சைச் சக்கையில் பிறப்பது. பக்கத்து டிர்னாவோஸ் ஊரில் ஹாம்பர்க் மஸ்கட் என்ற கறுப்புத் திராட்சையின் சக்கையை இரண்டு முறை காய்ச்சி வடிக்கிறார்கள். போடாததை முகர்ந்து பார்த்தேன். பழத்தின் வாசனை மிச்சமிருந்தது. சோம்பு அதை மூடிவிடுகிறது. நாளைக்கு வந்தால் 'ஹோரிஸ்' என்றுதான் சொல்வேன்.

அக்டோபர் 28, சாலையில்

தேசிய விடுமுறை. 1940-ல் முசோலினிக்கு 'முடியாது' என்று சொன்ன நாள். கொடிகள், பள்ளிப் பிள்ளைகளின் அணிவகுப்பு. ஏதென்ஸுக்குப் பேருந்து. தலைவலி. குறிப்பிட வேறு எதுவும் இல்லை.

அக்டோபர் 29, பிரேயஸ்

இன்றிரவு கியோஸ் தீவுக்குக் கப்பல் ஏறியிருக்க வேண்டும். துறைமுகத்துக்கு வந்த பிறகுதான் 'அபகோரெஃப்டிகோ' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டேன். காற்று மிஞ்சினால் துறைமுகக் காவல்படை கப்பல்களைக் கிளம்ப விடாது. அந்தத் தடைக்குத்தான் இந்தப் பெயர். நியாயமான விதி. டிக்கெட் விற்ற நிறுவனம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். பெட்டிகளோடு ஒரு கிலோமீட்டர் நடந்த பிறகு, சாத்தியிருந்த ஒரு கண்ணாடி ஜன்னலில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

அதில் ஒரு நன்மை. பழைய காபிக்கடை ஒன்றில் மாலை முழுக்க உட்கார்ந்தோம். அங்கே ஹோவொலி இருந்தது: சூடான மணல் நிரப்பிய தட்டு. நீளக் காம்பு வைத்த சின்னச் செம்புக் குவளையை (பிரிக்கி) அந்த மணலில் புதைத்துக் காபி போடுகிறார்கள். ஒரு சின்னக் கோப்பைக் குளிர்ந்த தண்ணீருக்கு ஒரு கரண்டி நிறைய மாவு போல அரைத்த தூள். சர்க்கரையையும் இப்போதே போட்டுவிட வேண்டும். சர்க்கரை இல்லாமல் ஸ்கேட்டோஸ், ஒரு கரண்டி போட்டால் மேட்ரியோஸ், இரண்டு போட்டால் கிளிகோஸ். ஆரம்பத்தில் கலக்கலாம், சூடேறியபின் கரண்டி படக் கூடாது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நுரை மூடிக்கொண்டு வரும். பொங்கி வழிவதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்துவிட வேண்டும். அந்த நுரைக்குக் கைமாக்கி என்று பெயர். மணல் எதற்கு என்றால் அந்த ஒரு நொடிக்காகத்தான்: சூடு மெதுவாகவும் எல்லாப் பக்கமும் ஏறுவதால் கண் தப்பாது. இதே காபியை 'துருக்கிக் காபி' என்றுதான் இங்கும் சொல்லிவந்தார்கள். 1974-ல் சைப்ரஸில் துருக்கிப் படை இறங்கிய பிறகு 'கிரேக்கக் காபி' என்ற பெயர் நிலைத்தது.

திட்டத்தில் இருந்த நக்ஸோஸ் தீவையும் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. அதன் கிட்ரோன் பாட்டில் ஒன்றை மட்டும் கடையில் வாங்கினேன். நார்த்தை மரத்தின் பழத்திலிருந்து அல்ல, இலையிலிருந்து வடிப்பது. பச்சை நிறத்தது இனிப்பு அதிகம், காரம் குறைவு. மஞ்சள் நேர்மாறு. நடுவில் நிறமில்லாத ஒன்று. எனக்கு மஞ்சள் பிடித்திருந்தது.

அக்டோபர் 31, கியோஸ்

ஒரு நாள் தாமதமாக, இரவு முழுக்க ஆடிக்கொண்டே வந்து சேர்ந்தோம். நேராகத் தெற்கே பிர்கி கிராமத்துக்கு. வீட்டுச் சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் முக்கோணமும் சதுரமுமாகச் சுரண்டிய கோலங்கள். பால்கனிகளில் சிவப்பு மாலைகள் போலச் சரம் சரமாகத் தொங்கும் சின்னத் தக்காளி.

ஒரு வாசற்படியில் மூன்று பெண்கள், மடியில் தட்டு வைத்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் பாசிப்பருப்பிலிருந்து சுண்டைக்காய் அளவுவரை, மங்கலான கண்ணாடித் துளி போல. சின்னக் கத்தியின் நுனியால் ஒவ்வொரு துளியிலும் ஒட்டியிருக்கும் மண்ணையும் பட்டைத் தூளையும் சுரண்டுகிறார்கள். என் மனைவி குனிந்து ஒன்றை எடுத்து முகர்ந்தாள்.

"ஏங்க, இது நம்ம நாட்டு மருந்துக் கடையில பாட்டி வாங்குவாங்களே, ரூமி மஸ்தகி!"

அதேதான். 'ரூமி' என்றால் ரோம் நாட்டது. அன்றைய அரபுலகத்துக்கு பைசாந்தியம்தான் ரோம். யுனானி வைத்தியத்தோடு நம் கடைகளுக்கு வந்த அந்தப் பொட்டலத்தின் ஊர் இந்தத் தீவின் தெற்கு மூலை. அதன் பெயர் அவள் வாயிலிருந்து வந்ததும் பாட்டிமார் மூவரும் "மஸ்திஹா, மஸ்திஹா" என்று தலையாட்டினார்கள். ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அடுத்த ஒரு மணி நேரம் அவளும் கத்தியோடு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கைப்பிடி கூடத் தேறவில்லை.

மஸ்திஹா ஒரு குட்டை மரத்தின் பிசின். கோடையில் முதலில் மரத்தடியைப் பெருக்கி, வெள்ளைச் சுண்ண மண்ணைச் சலித்துப் பரப்புவார்கள். விழும் பிசின் அழுக்காகாமல் இருக்கவும் சீக்கிரம் உலரவும் இது. ஜூலையிலிருந்து கூரான கருவியால் பட்டையில் சின்னச் சின்னக் கீறல். அதற்குக் கெண்டோஸ் என்று பெயர். தையல் ஊசிக் குத்தைக் குறிக்கும் அதே வேர். கீறலிலிருந்து கசிந்து சொட்டுவதைக் கண்ணீர் என்றே சொல்கிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் இறுகிவிடும். பொறுக்கி, சலித்து, குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு குளிர்காலம் முழுக்க இந்த வாசற்படி வேலை. ஜெனோவாக்காரர்கள் இந்தத் தீவை 1346 முதல் 1566 வரை கையில் வைத்திருந்ததற்கும், பிர்கி போன்ற கிராமங்களைக் கோட்டை போலக் கட்டியதற்கும் இந்தக் கண்ணீர்தான் காரணம். இப்போது விவசாயிகளின் சங்கம் 1938 முதல் கொள்முதல் செய்கிறது. இந்தச் சாகுபடி அறிவை யுனெஸ்கோ 2014-ல் தன் பட்டியலில் சேர்த்தது.

மது வடிவத்தில் மஸ்திஹாவை ஆலைகளில் பிசினைச் சாராயத்தோடு சேர்த்து வாலையில் (சாராயம் வடிக்கும் கலத்தில்) வடித்து, சர்க்கரைப் பாகு கலந்து செய்கிறார்கள். வீட்டில் வாலை கிடையாது. பாட்டி ஒருவர் சொன்ன கணக்கு: வாசனையில்லாத கடும் சாராயம் ஒரு லிட்டருக்கு 15 கிராம் மஸ்திஹா. அப்படியே உரலில் இடித்தால் பசையாக ஒட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, ஒரு கரண்டி சர்க்கரை சேர்த்து இடித்தால் பொடியாகும். அதைச் சாராயத்தில் போட்டு, தினமும் குலுக்கி, பத்து நாள் கழித்து வடிகட்டி, ஆறிய பாகைச் சேர்க்க வேண்டும். கலங்கினால் கவலைப்பட வேண்டாம், தண்ணீரைக் கண்ட பிசின் அப்படித்தான். ஐஸ் போலக் குளிர்ந்திருந்தால்தான் குடிக்க முடியும். அறைச் சூட்டில் இருமல் மருந்து.

இவளுக்கு வந்த டம்ளர் இப்போவ்ரிஹியோ, அதாவது 'நீர்மூழ்கி'. மஸ்திஹா சேர்த்துக் கிளறிய வெள்ளைச் சர்க்கரைப் பசையை ஒரு கரண்டி நிறைய எடுத்து, கரண்டியோடு குளிர்ந்த தண்ணீர் டம்ளரில் முக்கித் தருவது. கரண்டியை நக்கிக்கொண்டே தண்ணீரைக் குடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கானது என்றார் கடைக்காரர். இவள் இரண்டு வாங்கினாள்.

நவம்பர் 1, கியோஸ்

தீவின் தலைநகருக்குத் தெற்கே கம்போஸ். உயரமான செம்மண் நிறக் கல் மதில்களுக்குள் ஆரஞ்சுத் தோட்டங்கள். தங்கியிருந்த வீட்டு அம்மா சுமாடா கொடுத்தார். கல்யாண வீடுகளில் தருகிற பாதாம் பானம். செய்முறையை இவள் கேட்டு எழுதிக்கொண்டாள்:

கால் கிலோ பாதாமை வெந்நீரில் போட்டுத் தோல் உரித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து வெண்ணெயாக அரைக்க வேண்டும். முக்கால் லிட்டர் தண்ணீர் விட்டுக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்து வெள்ளைத் துணியில் முறுக்கிப் பிழிய வேண்டும். அந்தப் பாலில் ஒரு கிலோ சர்க்கரை போட்டு, மிதமான தீயில் பாகு கெட்டியாகும் வரை கிளறி, இறக்கியபின் ஆரஞ்சுப் பூ நீர் ஒரு கரண்டி. டம்ளரில் ஒரு பங்கு பாகு, நாலு பங்கு ஐஸ் தண்ணீர். வாசனைக்கு இங்கே நாலைந்து கசப்புப் பாதாமையும் சேர்த்து அரைப்பார்கள். அதில் சயனைடு உண்டாகும் பொருள் இருப்பதால் அளவு தெரிந்த கைதான் அதைச் செய்யலாம். நாம் விட்டுவிடுவதே மேல். சக்கையை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "பிஸ்கட்" என்றார்.

இதே தீவில் அத்திப்பழத்தைப் புளிக்கவைத்து வடிக்கும் சூமா என்றொரு சாராயமும் உண்டு. ஒரு வாய் பார்த்தேன். முதலில் நெருப்பு, அப்புறம் உலர்ந்த அத்தியின் இனிப்பு.

நவம்பர் 2, கடல்

காலையில் பிரேயஸ். இரவில் மறுபடி கப்பல். நடுவில் தூக்கம்.

நவம்பர் 3, கிரீட்

தேதியைப் பார்த்துத்தான் இதைக் கடைசியில் வைத்தேன். இன்று 'ஐ யோர்கிஸ் மெதிஸ்டிஸ்', தமிழில் சொன்னால் குடிகாரப் புனித ஜார்ஜ். கிரீட்டில் புது ஒயின் பீப்பாய்களைத் திறந்து பார்க்கும் நாள். அர்ஹானெஸ் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கஸானி ஓடுகிறது என்று விடுதிக்காரர் தன் வண்டியிலேயே அழைத்துப் போனார்.

கஸானி என்றால் கொப்பரை. கிராமத்து ஓரக் கொட்டகையில், கல் அடுப்பின் மேல் கறுத்துப்போன பெரிய செம்புக் கொப்பரை. கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது புளித்த திராட்சையின் வாசனை. பிழிந்து ஒயினுக்குச் சாறு போன பிறகு மிஞ்சும் தோலும் கொட்டையும் காம்பும்தான் சரக்கு. அதற்கு இங்கே சிக்குடா என்று பெயர், சாராயத்துக்கு சிக்குடியா. ரக்கி என்றும் சொல்வார்கள். ரக்கியும் நம் பக்கத்து அராக்கும் 'வியர்வை' என்று பொருள்படும் ஒரே அரபுச் சொல்லிலிருந்து வந்தவை. குழாய் நுனியைப் பார்த்தால் காரணம் புரியும்.

சக்கையைப் பீப்பாயில் அழுத்தி மூடி ஒரு மாதத்துக்கு மேல் புளிக்க விட்டிருந்தார்கள். கொப்பரை அடியில் முதலில் திராட்சைக் கொடிக் குச்சிகளைப் பரப்பினார்கள், சக்கை அடிப்பிடிக்காமல் இருக்க. பிறகு கவையால் சக்கையை அள்ளிப் போட்டு, கொஞ்சம் தண்ணீர். மூடியை வைத்ததும் ஒருவர் பிசைந்த மாவை நீளமாகத் திரித்து, மூடிக்கும் கொப்பரைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் விரலால் அழுத்திக்கொண்டே சுற்றி வந்தார். எங்காவது ஆவி சீறினால் அங்கே இன்னொரு உருண்டை. அடுப்புச் சூட்டில் மாவு வெந்து, பழுப்பேறி, ரொட்டி வாசனை வந்தது. மூடியிலிருந்து போகும் குழாய் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி மறுபக்கம் வெளியே வருகிறது. அங்கே ஒரு குடம், குடத்தின் வாயில் துணி.

முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சொட்டு. எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். முதலில் வருவது புரோட்டோரக்கி: மிகக் கடுமையானது, குடிக்க ஆகாது. தனியே எடுத்து வைத்து, மூட்டு வலிக்குத் தேய்க்கிறார்கள். நடுப்பகுதிதான் குடிக்க. அது வடிய வடிய அளவுக் கண்ணாடியை மிதக்க விட்டு 'கிராடா', அதாவது சாராயத்தின் காரம், பார்க்கிறார்கள். காரம் குறைந்து புளிப்பு வாடை தட்டத் தொடங்கியதும் குடத்தை நகர்த்திவிடுகிறார்கள். வோலோஸ் பக்கம் போல இரண்டாம் முறை காய்ச்சுவதில்லை. சோம்பு அறவே கிடையாது. ஒரு கொப்பரை முடிய மூன்று மணி நேரம். கஸானி சொந்தக்காரருக்குக் கூலி பணமாக அல்ல, வடித்ததில் ஒரு பங்காக.

இது கள்ளச்சாராயம் இல்லை. 1920 வாக்கில் பிரதமர் வெனிஸெலோஸின் அரசு விவசாயிகளுக்கு உரிமம் கொடுத்ததிலிருந்து வருவது. இவர்களுக்குச் சட்டத்தில் 'இரண்டு நாள் வடிப்பவர்கள்' என்றே பெயர்; குறிப்பிட்ட சீசனில் அனுமதிக்கப்பட்ட நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். (நம் ஊரில் இதைப் படித்துவிட்டு யாரும் குக்கரும் குழாயுமாகக் கிளம்ப வேண்டாம். சட்டமும் விடாது, மெத்தனாலும் விடாது.)

காத்திருக்கும் நேரத்துக்குத்தான் இந்த வேலையே நடக்கிறது போல. அடுப்புக் கங்கில் புதைத்த உருளைக்கிழங்கு, கல்லுப்பு, ஆலிவ், சுட்ட பன்றி இறைச்சி, உடைத்த மாதுளை. வெதுவெதுப்பான ரக்கி, கட்டைவிரல் உயரக் கண்ணாடியில். யாரும் தனியாக ஊற்றிக் குடிப்பதில்லை. ஒருவர் கண்ணாடியைத் தூக்கினால் "யா மாஸ்" என்று கொட்டகையே தூக்குகிறது. காசு எடுத்தபோது விடுதிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேரஸ்மா" என்றார், உபசாரம் என்று பொருள். மேற்கொண்டு பேச்சு இல்லை.

இவளுக்கு மலொடிரா வந்தது. மலை மேல் பறித்து உலர்த்திய, சாம்பல் நிறமும் மஞ்சள் பூவுமான செடி. தண்ணீரில் போட்டு மூன்று நான்கு நிமிடம் கொதிக்கவைத்து, தைமப் பூத் தேன் விட்டுக் குடிப்பது. 'நோயை இழுத்து எறிவது' என்ற வெனீசியப் பேச்சிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். அவள் மாவு அப்பியவரிடமே உட்கார்ந்து, கங்கிலிருந்து உருளைக்கிழங்கை எடுக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது ஒரு கட்டு மலொடிராவும், ஒன்றரை லிட்டர் ரக்கியும் கொடுத்தார்கள். ரக்கியைத் தண்ணீர் பாட்டிலில்தான் ஊற்றித் தந்தார்கள். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

நவம்பர் 4, ஹெராக்லியோன்

காலையில் இவள் எழுந்து மின்சார அடுப்பில் பிரிக்கியை வைத்திருக்கிறாள், மலொடிரா போட. நான் குளித்துவிட்டு வரும்போது அறை முழுக்கக் கஸானி வாசனை. மேசையில் இருந்த 'தண்ணீர்' பாட்டிலில் முக்கால் டம்ளர் குறைந்திருந்தது. நல்லவேளை, மின்சார அடுப்பு, தீ இல்லை. ஓடிப்போய் அணைத்தேன்.

"நான் என்ன பண்றது? பாட்டில்ல தண்ணின்னு தானே ஒட்டியிருக்கு" என்றாள்.

கொட்ட மனமில்லை. ரக்கியில் தேன் கலந்து சூடாக்கும் ரக்கோமெலோவுக்கு வேண்டியது பாதி ஏற்கெனவே நடந்துவிட்டது. மலொடிராவை எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு துண்டு பட்டை, மூன்று கிராம்பு, இரண்டு கரண்டி தேன் போட்டேன். கொதிக்க விடக் கூடாது, தேன் கரைந்து ஓரத்தில் ஆவி தெரிந்ததும் நிறுத்த வேண்டும். அமோர்கோஸ் தீவில் இதையே தேனுக்குப் பதில் பெரும்பாலும் சர்க்கரையில் செய்து, ஆறவைத்து, புட்டியில் வருஷம் முழுக்க வைத்திருப்பார்கள். காலை ஒன்பது மணிக்கு ஒரே ஒரு கண்ணாடி குடித்தேன். தொண்டைக்கு இதமாக இருந்தது.

விமானத்துக்குப் பெட்டி கட்டும்போது பாட்டிலைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டி, மேலே வெள்ளை டேப் ஒட்டினாள். பேனாவை எடுத்துப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதினாள்: "இது தண்ணீர் இல்லை."